தேன்சிட்டு வந்த நேரம்

தங்கையின் கடிகார வார் முனிரத்தினத்தின் மணிக்கட்டுக்கு எட்டவில்லை. கடைசித் துளைக்கும் அரை விரல் பாக்கி இருந்தது. இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டான்.

"பையில போட்டுக்கினா மணி எப்டிண்ணா பாப்ப?" என்றாள் அலர்மேல்மங்கை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்று தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தாலும் நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"கையில புடிச்சிக்கிறேன்."

"கடைசித் தொட்டியில பூ விரிஞ்சிருந்தா எதிருக்க உக்காரு. ரொம்பக் கிட்ட வேணாம், பத்தடி தள்ளி. தேன்சிட்டு வந்து பூவுக்குள்ள மூக்க உட்டா மணிய எழுது. சும்மா வந்து குந்திக்கினு போனா எழுதாத."

"சரி."

"மொத வாட்டி வர்றது வழிதப்பி வர்றதா இருக்கலாம். ரெண்டாவது வாட்டியும் வரணும். அப்பதான் வந்ததுன்னு அர்த்தம்."

"சரிம்மா."

கால்மாட்டில் நின்றிருந்த கன்னையா, "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கதான் கீறேன்" என்றார். கன்னையா அவள் வேலை பார்த்த காலேஜில் தாவரவியல் பிரிவு அட்டெண்டர். நேற்றுச் சாயங்காலம் நகரிக்கு வந்து சேதி சொன்னவர் அவர்தான். சின்ன வயதில் அவளுக்கு வந்த காய்ச்சல் ஒன்று மூட்டுகளை வீங்க வைத்துவிட்டுப் போனது. போகிற போக்கில் இருதயத்தையும் கடித்துவிட்டுப் போயிருக்கிறது என்று டாக்டர் பல வருஷங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். அவளுக்கு இப்போது முப்பத்தொன்று. அண்ணனுக்கு நாற்பத்து மூன்று.

இரண்டு வருஷமாக முனிரத்தினம் அவளோடு பேசவில்லை. விடியற்காலை முதல் பஸ் புத்தூரிலும் வடமாலபேட்டையிலும் நின்று நின்று வந்த வழியெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்தான். 'அன்னிக்கு நான் சொன்னத மனசுல வெச்சிக்காத.' வார்டுக்குள் அவன் நுழைந்ததும் அவள் சிரித்தாள். "நல்ல நேரத்துல வந்தண்ணா" என்று சொல்லிப் பூவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். வாக்கியத்துக்கு இடம் கிடைக்கவில்லை. போய் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினான்.

அவள் குடியிருந்த அறை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், லட்சுமம்மா என்கிற விதவையின் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. லட்சுமம்மா தெலுங்குக்காரர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்.

"ரண்டி, ரண்டி. மங்கம்மா எப்டி உந்தி?"

"உக்காந்துக்கினு கீறா. பேசறா."

"அதுதான் முக்கியம். பேசினா சாலு, போதும்" என்று சொல்லிப் பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

முனிரத்தினம் அந்த முற்றத்துக்கு வந்ததே இல்லை. கிணற்றடியை ஒட்டி, பப்பாளி மர நிழலில், இருபது தொட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் அன்னாசியின் தாயாதிகள். சில நிஜ அன்னாசி போலவே வாள் வாளாக நீட்டிக்கொண்டு நின்றன. சிலவற்றின் இலைகள் அடியில் சொம்பு போலக் கூடி, உள்ளே ஒரு ஆழாக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டிருந்தன. துணி காயப்போடும் கம்பியில் நரைத்த தாடி மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மண்ணும் இல்லை, தொட்டியும் இல்லை.

கடைசித் தொட்டியில் இருந்தது அவள் சொன்ன செடி. இலைகள் குழலாகச் சுருண்டு நின்றன. நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பி, குங்குமச் சிவப்பில் மடல்களை விரித்து, அதற்குள்ளிருந்து நீலக் கரை போட்ட மெல்லிய பூக்கள் நான்கை வெளியே நீட்டியிருந்தது. விரிந்துதான் இருந்தது.

லட்சுமம்மா ஒரு முக்காலியும் நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தார். நோட்டு முழுக்க இங்கிலீஷ். முனிரத்தினத்துக்கு எண்கள் மட்டும் தெரிந்தன. மணி, நிமிஷம், மணி, நிமிஷம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் கோடு.

"அந்தக் கோடு இன்னா?"

"வரலன்னு அர்த்தம்" என்றார் லட்சுமம்மா. "ரெண்டு வருஷமா கோடுதான். இதுக்கு முன்ன மூணு செடி பூத்திச்சி. காலைல காலேஜி போறதுக்கு முன்ன ஒரு மணி நேரம், வந்தப்புறம் ஒரு மணி நேரம் இங்கியே குந்தியிருக்கும். ஒண்ணும் ராலேது."

அவர் அடுப்பைப் பார்க்கப் போனார். முனிரத்தினம் பத்தடி அளந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கடிகாரம் உள்ளங்கையில் இருந்தது. எட்டு ஐந்து.

இந்தச் செடிகளை அவனுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பேச்சு நின்றுபோன இரண்டு வருஷமும் அவள் அண்ணிக்குத்தான் கடிதம் எழுதினாள். அவன் மனைவி கமலம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நூல் சுற்றும் வேலையை நிறுத்திவிட்டு, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தைக் கூட்டி உரக்கப் படிப்பாள். அவன் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டே இருப்பான். காதில் விழாத மாதிரிதான். ஆனாலும் கடிதம் வரும் நாளில் ஊடை நூலை இழுத்துப் போகும் நாடா கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

மதனப்பள்ளிப் பக்கம் மலைப் பங்களாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது காலேஜுக்குக் கொடுத்த செடிகள். காலேஜில் இடமில்லாமல் வாடியவற்றை அவள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். இந்தக் குடும்பத்தில் இரண்டாயிரம் வகை இருக்கிறது, அத்தனையும் அமெரிக்காக் கண்டத்தில்தான் என்று எழுதியிருந்தாள். ஒரே ஒரு வகை மட்டும் எப்படியோ கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் போய் முளைத்திருக்கிறதாம். காற்று கொண்டுபோனதா, பறவை கொண்டுபோனதா, யாருக்கும் தெரியாது. முதலில் எல்லாமே மண்ணில்தான் இருந்தன. பிறகு சில வகை பாறைக்குப் போயின, சில வகை மரத்துக்கு ஏறின. மரத்துக்குப் போனவற்றுக்கு வேரால் குடிக்க மண் இல்லை. அதனால் இலையில் மீன்செதில் போல ஏதோ வளர்ந்து, அது பனியையும் மழையையும் குடிக்கிறது. வேர் கிளையைப் பிடித்துக்கொள்ள மட்டும். இலைச் சொம்பில் நிற்கும் தண்ணீரில் தவளை குஞ்சு பொரிக்கும். அந்தத் தண்ணீரில் விழுகிற சருகும் பூச்சியும் அழுகித்தான் செடிக்குச் சோறு.

"இன்னா குடும்பம்டா இது" என்று கமலம்மா ஒருமுறை சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

கடைசியாக வந்த கடிதம் இந்தப் பூவைப் பற்றி. 'அந்த நாட்டில் இதற்கென்றே ஒரு பறவை இருக்கிறது, அண்ணி. நின்ற இடத்தில் நின்றபடியே பறந்து தேன் குடிக்கும். பூவின் குழலும் அதன் மூக்கும் லட்சம் லட்சம் வருஷமாக ஒன்றைப் பார்த்து ஒன்று நீண்டவை. அந்தப் பறவை நம் பக்கம் கிடையாது. நம் தேன்சிட்டின் பரம்பரையில் யாரும் இந்தப் பூவைப் பார்த்ததில்லை. கண்டுபிடிக்குமா என்று பார்க்கிறேன். ஒரு செடி ஆயுளில் ஒரு தடவைதான் பூக்கும். அதனால் அவசரப்பட முடியாது.'

எட்டே முக்கால். பப்பாளி மரத்தில் ஒரு மைனா வந்து கத்திவிட்டுப் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவன் அவளிடம் சொன்னது இதுதான். ஆந்திராவா மெட்ராஸா என்கிற எல்லைப் பேச்சு உச்சத்தில் இருந்த வருஷம் அது. நகரி, புத்தூர் எல்லாம் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று திருத்தணி ஊர்வலத்தில் போய், ஒன்பது நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்திருந்தான். திருத்தணி மெட்ராஸுக்குப் போகும், நகரி ஆந்திராவிலேயே நிற்கும் என்று தெரிந்துபோன வாரம், மங்கைக்கு மெட்ராஸ் காலேஜ் ஒன்றில் வேலைக்கு உத்தரவு வந்தது. அவனுக்கு அதில் ஒரு நியாயம் கிடைத்த மாதிரி இருந்தது. ஊர் போகாவிட்டாலும் வீட்டில் ஒருத்தி போகிறாள். அவள் போகவில்லை. "ஆஸ்டல்ல செடிங்கள எங்கண்ணா வெக்கிறது?" என்றாள். "அதுவுமில்லாம இங்க பொண்ணுங்க நாலு பேரு இந்த வருஷம்தான் பாட்டனி எடுத்திருக்குதுங்க. தெலுங்குல சொன்னாதான் அதுங்களுக்குப் புரியுது."

"செடிக்கோசரம் சொந்த பாஷைய வித்துட்டவ இந்த ஊட்டுல இன்னாத்துக்கு?" என்றான் அவன்.

அடுத்த பொங்கலுக்கு அவள் வந்தாள். தறிக்கூடத்து வாசலில் நின்று "அண்ணா" என்று கூப்பிட்டாள். அவன் குழியில் உட்கார்ந்தபடி நாடாவை எறிந்துகொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் அடுக்களைக்குப் போனாள்.

ஒன்பது ஐந்துக்குத் தேன்சிட்டு வந்தது.

முதலில் கம்பியில் உட்கார்ந்தது. கருநீலம். வெயில் பட்ட இடம் மயில்கழுத்தாக மின்னியது. வாலை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, பூத்தண்டில் வந்து தலைகீழாகத் தொற்றிக்கொண்டு, வளைந்த மூக்கை ஒரு பூவுக்குள் முழுக்க விட்டது. எடுத்தது. அடுத்த பூவில் விட்டது. அப்புறம் சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

முனிரத்தினம் கடிகாரத்தைப் பார்த்தான். நோட்டில் 9.05 என்று எழுதினான். எதிரே கோடு போடவில்லை. என்ன போடுவது என்று தெரியாமல் 'வந்தது' என்று தமிழில் எழுதினான்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுந்துகூட நின்றான். ரெண்டாவது வாட்டியும் வரணும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அரைகுறையாகப் போய்ச் சொன்னால் கேட்பாள். 'ரெண்டாவது வாட்டி?' என்பாள். மறுபடி உட்கார்ந்தான்.

லட்சுமம்மா மோர் கொண்டுவந்தார். அவன் கையமர்த்த, அவரும் சத்தமில்லாமல் கிணற்றடியில் குந்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய குரலில், "போன வருஷம் மலேரியாக்காரங்க ஒச்சாரு" என்றார். "இந்தத் தண்ணியெல்லாம் கொட்டணும்னாங்க. உங்க செல்லெலு, உங்க தங்கச்சி, உடல. ஒரு சொட்டு எடுத்து பூதக்கண்ணாடில அவங்களுக்கே காட்டிச்சி. இதுல கீற புழு மலேரியா கொசு இல்ல, வேற ஜாதின்னு. அவங்களும் பாத்துட்டு, காப்பி குடிச்சிட்டு போயிட்டாங்க."

முனிரத்தினம் தலையாட்டினான். கண்ணைப் பூவிலிருந்து எடுக்கவில்லை.

ஒன்பது ஐம்பதுக்கு இரண்டாவது தடவை வந்தது. அதே பறவையா வேறா என்று தெரியவில்லை. இந்த முறை கம்பியில் உட்காரவில்லை. நேராகப் பூவுக்கு வந்தது. நாலு பூவிலும் மூக்கை விட்டது. முனிரத்தினம் மணியை எழுதிவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டிருந்தபோது முன்வாசலில் சைக்கிள் சாய்க்கிற சத்தம் கேட்டது.

கன்னையா முற்றத்து நிலைப்படியில் வந்து நின்றார். சட்டை முழுக்க வேர்வை. அவர் வாய் திறப்பதற்கு முன்பே லட்சுமம்மா எழுந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"எப்ப?" என்றான் முனிரத்தினம்.

"ஒம்பதரை இருக்கும். மூச்சு இழுத்துச்சி. டாக்டரு வந்தாரு. நான் உங்களக் கூட்டியாறேன்னு சொன்னேன். வேணாம், அண்ணன் ஆங்க உக்காந்துக்கினு இருக்கட்டும்னு சொல்லிச்சி."

முனிரத்தினம் நோட்டைப் பார்த்தான். 9.05. 9.50. இரண்டுக்கும் நடுவே ஒரு வரிகூட இல்லை. நோட்டை மூடி லட்சுமம்மாவிடம் கொடுத்தான். பிறகு திரும்ப வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருந்தன. ஆஸ்பத்திரி மேஜையில் குமாஸ்தா ஒருவர் தலை நிமிராமல் கேட்டுக் கேட்டு எழுதினார். பேர். வயசு. தகப்பனார். ஊர்.

"நகரி."

"ஸ்டேட்?"

எல்லை மாறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. "ஆந்திரா" என்றான் முனிரத்தினம். அந்த வார்த்தையை அவன் அதுவரை வாயால் சொன்னதில்லை. சொன்னபோது ஒன்றும் ஆகவில்லை. குமாஸ்தா எழுதி, ஒற்றி எடுத்து, காகிதத்தை நீட்டினார்.

லட்சுமம்மாவின் தம்பியிடம் விறகு லாரி ஒன்று இருந்தது. அதைக் கழுவிக் கொண்டுவந்தார்கள். மங்கையை லட்சுமம்மா வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் இறக்கி வைத்தார்கள். காலேஜ் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து சுவரோரம் நின்றார்கள். யாரும் சத்தமாக அழவில்லை. ஒருத்தி மட்டும் தெலுங்கில் ஏதோ கேட்டாள். லட்சுமம்மா "ஒச்சிந்தம்மா, ரெண்டு சார்லு ஒச்சிந்தி" என்றார். ரெண்டு தடவை வந்தது என்று சொல்கிறார் என முனிரத்தினத்துக்குப் புரிந்தது. அந்தப் பெண் அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டாள்.

கிளம்பும் நேரத்தில் லட்சுமம்மா கேட்டார். "செடிங்கள ஏமி செய்றது?"

"ஏத்திக்கலாம்."

அவனே ஏற்றினான். கன்னையா ஒரு கை பிடிக்க வந்ததற்கு வேண்டாம் என்றுவிட்டான். இரண்டு கையாலும் அணைத்து, மார்போடு சேர்த்து, தண்ணீர் சிந்தாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் அவளைச் சுற்றி வைத்தான். தொங்கிக்கொண்டிருந்ததைக் கம்பியோடு கழற்றி எடுத்துக்கொண்டான். பத்தொன்பது முறை போய் வந்தான். பூத்திருந்த செடியைத் தொடவில்லை.

"இது இங்கியே இருக்கட்டும்" என்றான்.

"நேனு சூசுகொண்டா" என்றார் லட்சுமம்மா. பிறகு தமிழில், "நான் பாத்துக்கறேன். காயி புடிச்சா லெட்டரு போடறேன்" என்றார்.

லாரி நகரிக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அவன் பின்னால், அவள் தலைமாட்டில், ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தான். பள்ளங்களில் லாரி குலுங்கும்போதெல்லாம் இலைச் சொம்புகளிலிருந்து தண்ணீர் தளும்பித் தெறித்தது. ஒரு தொட்டியிலிருந்து விரல்நகம் அளவுத் தவளை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது. புத்தூரில் லாரியை நிறுத்தி டிரைவர் டீ குடித்தார். அவன் இறங்கவில்லை.

வீட்டு வாசலில் ஜனம் கூடியிருந்தது. கமலம்மா லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருத்தணியிலிருந்து அத்தை வெங்கடம்மா வர வேண்டியிருந்தது. அவள் வந்ததும், "நேத்து வரைக்கும் ஒரே ஜில்லா. இப்ப நான் வேற ராஜ்ஜியத்துல இருந்து வர்றேன் ஒன்ன பாக்க" என்று மங்கையின் முகத்தைத் தடவிச் சொன்னாள். ஒப்பாரி அங்கிருந்து தொடங்கியது. முனிரத்தினம் வேப்பமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வேறு யாருக்கோ பாடுவது போல இருந்தது.

தூக்குவதற்கு முன்பு வெங்கடம்மா வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் வெளியே கொட்டச் சொன்னாள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது. குடம், அண்டா, தொட்டி என்று பெண்கள் கவிழ்த்துக்கொண்டே வந்தார்கள். அத்தை வாசலோரம் இறக்கி வைத்திருந்த செடிகளிடம் வந்து, ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள்.

"அத்த, அத உடு."

அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"அது கொட்டற தண்ணி இல்ல" என்றான் முனிரத்தினம். குரல் உயரவில்லை. ஆனால் ஒப்பாரி ஒரு கணம் நின்றது. அத்தை அவன் முகத்தைப் பார்த்தாள். தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்தது. கொள்ளி அவன்தான் வைத்தான். நெருப்பு பிடித்துக்கொண்டதும் வெட்டியான் "திரும்பிப் பாக்காம போங்க சாமி" என்றார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மணலில் ஊற்றுத் தோண்டி மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். ஈர வேட்டியோடு நடந்து வீட்டுக்கு வந்தான். பங்காளிகள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள்.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி சோறும் புளிச்சாறும் கொண்டுவந்து வைத்திருந்தாள். விளக்கேற்றிய கூடத்தில் கமலம்மா இலை போட்டாள். "ரெண்டு வாய் துன்னுட்டு படுக்கலாம். காலைலருந்து ஒண்ணுமில்ல" என்றாள். அவன் உட்கார்ந்தான்.

சோற்றை வைத்தபடி அவள் கேட்டாள். "பேசினாளா?"

"பேசினா."

"இன்னா சொன்னா?"

"பூவப் பத்தி."

கமலம்மா சாற்றை ஊற்றினாள். "நீங்க இன்னா சொன்னீங்க?" என்றாள்.

அவன் கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்தான். சுரீரென்று எரிந்தது. கையை எடுத்து விளக்கின் பக்கம் திருப்பிப் பார்த்தான். விரல்களிலும் உள்ளங்கையிலும் முழங்கை வரையிலும் மெல்லிய சிவப்புக் கீறல்கள், தறியில் பாவு நூல் போட்ட மாதிரி நெருக்க நெருக்கமாக. அந்த இலைகளின் ஓரமெல்லாம் முள் இருந்திருக்கிறது. சில கீறல்கள் ஆழமாகவே இருந்தன. ஏற்றும்போதும் இறக்கும்போதும் அவனுக்குத் தெரியவே இல்லை. ஆற்றில் குளித்தபோதுகூடத் தெரியவில்லை.

"காரமா கீதுங்களா?" என்றாள் கமலம்மா.

"இல்ல."

கையை மறுபடி இலையில் வைத்தான். புளியும் உப்பும் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் இறங்கின. அவன் நிதானமாகப் பிசைந்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றான்.